எக்ஸ்ரே பார்க்கும் கம்ப்யூட்டரும் நம் ஊழியர்களும்

 

சென்ற மடலில், கிராம முகாம்களில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்ட ஒரு கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்கிறது என்று இரண்டே வரி எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப்போல் கட்டட நிதிக்கான வேண்டுகோளுக்குக்கூட வந்ததில்லை! "நாங்கள் அனுப்பும் காணிக்கை நர்ஸுகளுக்கா, மிஷினுக்கா?" என்று ஒரு தாயார் கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டாக்டர் கைவைத்துப் பார்க்காத வைத்தியம் மிஷனெரி வைத்தியமாகுமா என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். ஒரு வாலிப இன்ஜினியர் இதற்கு நேர்மாறாக, கம்ப்யூட்டர் நன்றாகப் பார்க்கிறதென்றால் முழுவதையும் அதனிடமே ஒப்புவித்துச் செலவைக் குறைக்கலாமே என்று கேட்டிருந்தார்.

மூவரும் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அத்துடன், இந்தக் கம்ப்யூட்டரை நம்பி நாங்கள் செய்த ஒரு தவறையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஏன் இந்தக் கம்ப்யூட்டர்?

காசநோய் நம் தாத்தா பாட்டி காலத்து வியாதி என்று எண்ணுகிறவர்கள் இன்னும் நம் சபைகளில் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக இந்நோயால் பீடிக்கப்பட்டார்கள் என்றும், 12.5 லட்சம் பேர் மரித்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோயுற்றவர்களில் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்தவர்கள்.

இருமல் உள்ளவர்களைக் கேட்டு விசாரித்து, சளியைச் சோதித்து நோயைக் கண்டுபிடிப்பதே வெகுகாலமாக நமது வழக்கம். ஆனால் 2019 முதல் 2021 வரை நம் நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பு ஒரு காரியத்தைத் தெளிவாக்கிற்று. அறிகுறிகளை மாத்திரம் கேட்டு, மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வயலுக்கும் போய்வருகிறார்கள். நெஞ்சிலோ நோய் இருக்கிறது. சில மாதம் கழித்து இருமல் தொடங்கும்போது, வீட்டில் ஒரே பாயில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் அது பரவத் தொடங்கியிருக்கும்.

ஆகவே கிராமத்திற்கே எக்ஸ்ரேயைக் கொண்டுபோகவேண்டும். இன்று அது கூடிவருகிற காரியம். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளில் சில நாலு கிலோ எடைகூட இல்லை, பேட்டரியில் ஓடுகின்றன. ஆலயத்தின் பின்புற அறை போதும். ஒரு காலைப் பொழுதில் நூறு பேருக்குப் படம் எடுத்துவிடலாம். படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் எங்கே? நமது மருத்துவமனைக்கு முழுநேர ரேடியாலஜிஸ்ட் ஒருவரைத் தரும்படி நாம் எத்தனை வருஷமாக ஜெபித்துவருகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் படங்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, டாக்டர் ஓய்ந்த நேரத்தில் பார்ப்பார். பத்து நாள் ஆகும். அதற்குள் சந்தேகத்திற்குரியவர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்.

கம்ப்யூட்டர் அந்தப் பத்து நாளை ஒரு நிமிஷமாக்குகிறது. ஏற்கனவே நோய் இன்னதென்று தெரிந்த ஆயிரமாயிரம் எக்ஸ்ரே படங்களைக் காட்டி அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். புதிய படத்தைக் கொடுத்தவுடன், அப்படங்களிலிருந்து கற்றுக்கொண்ட அடையாளங்களைக் கொண்டு, காசநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லும். சந்தேகமான இடத்தைப் படத்திலேயே வண்ணத்தில் காட்டும். எண் அதிகமானால் அங்கேயே சளி வாங்கி, கிருமியைக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்புகிறோம். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் காசநோய்க்காகப் பார்ப்பதில், மனிதருக்குப் பதிலாக இத்தகைய கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்திலும் இவ்வகைக் கருவிகள் கிராமங்களுக்குப் போயின.

கம்ப்யூட்டர் நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகத்தை மாத்திரம் எழுப்புகிறது. அந்தச் சந்தேகம் எந்த எண்ணில் தொடங்கவேண்டும் என்பதையும் அது தீர்மானிப்பதில்லை, நாம்தான் தீர்மானிக்கவேண்டும். கடற்கரைச் சபைகளைச் சேர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் பொடி மீனும் அகப்படும், பாசியும் குப்பையும் அகப்படும். கண்ணைப் பெரிதாக்கினால் வலை இழுக்க இலகு, மீனோ போய்விடும். எண்ணைத் தாழ்த்தி வைத்தால் நோயுள்ளவர்கள் தப்புவது குறையும். ஆனால் நோயில்லாத அநேகருக்குச் சளிப் பரிசோதனை செய்யவேண்டிவரும், ஒவ்வொன்றுக்கும் பணம் செலவாகும். முன்பு எப்போதோ காசநோய் வந்து குணமானவரின் பழைய தழும்பைக்கூடச் சில வேளைகளில் அது புது நோய் என்று காட்டும். எந்த எண்ணில் கோடு போடுவது என்பது பாதி கணக்கு, பாதி மனச்சாட்சி.

நாங்கள் செய்த தவறு

சென்ற ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு கிராமத்தில் முகாம் நடத்தினோம். செங்கல் சூளையில் வேலை செய்கிற, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். சர்க்கரை வியாதி உள்ளவர். மூன்று வாரமாக இருமல் என்று அவரே சொன்னார்; சீட்டிலும் அது எழுதப்பட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்ப்யூட்டர் குறைந்த எண்ணைக் காட்டியது. திரையில் பச்சை நிறம்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ள எவரும், எக்ஸ்ரே எப்படியிருந்தாலும் சளி கொடுத்துவிட்டே போகவேண்டும் என்பது எங்கள் சட்டம். அன்றைக்கு வரிசை நீண்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சளி வாங்கும் டப்பாக்கள் வேனுக்குள் இருந்தன. எங்கள் சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்குண்ணே, பயப்படாம போயிட்டு வாங்க" என்றார்கள். அவரும் சந்தோஷத்தோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஏழு வாரம் கழித்து அவருடைய மனைவி அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆள் பாதியாயிருந்தார். சளியில் கிருமி இருந்தது. வீட்டில் மூன்று வயதுப் பேத்தி தாத்தாவின் பக்கத்திலேயே படுத்துறங்குகிறவள். தேவ கிருபையால் அவளுக்கு நோய் தொற்றியதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டது. "அன்னைக்கே நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, சிஸ்டரம்மா" என்று அந்த அம்மாள் கேட்டபோது எங்களிடம் பதிலில்லை. மன்னிப்புக் கேட்டோம்.

பழைய படத்தை எடுத்து டாக்டர்கள் மறுபடியும் பார்த்தார்கள். இருதயத்தின் நிழலுக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் லேசான மங்கல். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைப் பிடிக்கும்; சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் கீழ்ப்பகுதியில் வருவதும் உண்டு. தெரிந்து தேடுகிறவருக்கே தென்படக்கூடிய மங்கல் அது. அதைக் கம்ப்யூட்டர் தவறவிட்டது எங்களுக்குப் பெரிய ஆச்சரியமல்ல. எந்த வலையிலும் சில மீன் தப்பும்.

எங்களை உலுக்கியது வேறு. அந்த சிஸ்டர் இருபது வருஷத்திற்கு மேலாகக் கிராம ஊழியத்தில் இருக்கிறவர்கள். மூன்று வாரம் இருமுகிற ஒருவரை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், அவர்கள் ஒருநாளும் சளி வாங்காமல் விட்டதில்லை. மழையானாலும் வெயிலானாலும் விட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்தபிறகு விட்டார்கள். அவர்கள் அலட்சியக்காரர்களல்ல, அன்றிரவு முழுவதும் அழுதார்கள் என்று விடுதியில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால், கவனமுள்ள ஓர் ஊழியரின் கவனத்தை அந்தப் பச்சை நிறம் என்ன செய்தது?

மற்றவர்கள் கண்டது

இதை ஆராயத் தொடங்கியபோது, உலகத்தின் பெரிய மருத்துவமனைகளும் இதே கேள்வியோடு போராடுகின்றன என்று அறிந்தோம். ஜெர்மனி தேசத்தில் மார்பகப் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுகள் 27 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கம்ப்யூட்டர் சொல்வதாக ஒரு முடிவைக் காட்டி, தங்கள் முடிவைச் சொல்லச் சொன்னார்கள். அவற்றில் சிலவற்றில் வேண்டுமென்றே தவறான முடிவைக் காட்டினார்கள். காட்டப்பட்ட முடிவு சரியாயிருந்தபோது, அனுபவம் குறைந்த டாக்டர்கள் ஏறக்குறைய 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அது தவறாயிருந்தபோது 20 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். மிகுந்த அனுபவசாலிகள் தப்பினார்களோ என்றால் அதுவும் இல்லை. அவர்களும் 82 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 45 சதவீதத்திற்கு இறங்கினார்கள். இதை வாசித்தபோது எங்கள் சிஸ்டருக்குக் காட்டினோம். "பெரிய டாக்டர்மாருக்கேவா?" என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தில் கொஞ்சம் பாரம் இறங்கியதைப் பார்த்தோம்.

போலந்து தேசத்தின் செய்தி இன்னும் யோசிக்கத்தக்கது. பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்த்து, பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடிக்கும் டாக்டர்களுக்கு உதவியாகக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். சில மாதங்கள் பழகியபின், கம்ப்யூட்டர் இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளைக் கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டர் வருவதற்குமுன் 28.4 சதவீதம் பேரிடம் அத்தகைய கட்டிகளைக் கண்டுபிடித்தவர்கள், பழகியபின் அது இல்லாதபோது 22.4 சதவீதம் பேரிடமே கண்டுபிடித்தார்கள். இது 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டலாகாது. ஆனாலும் முகாமில் கம்ப்யூட்டர் பழுதாகும் நாள் ஒன்று வரும் என்று அறிந்த எங்களுக்கு இது நெஞ்சில் தைத்தது.

அமெரிக்காவில் நடந்த மற்றொரு சம்பவத்தை நாங்கள் ஊழியர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லுகிறோம். நிமோனியாவோடு வருகிறவர்களில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்க, 1990களில் சில கம்ப்யூட்டர்களுக்குப் பழைய மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு கற்பித்தார்கள். அவற்றில் ஒன்று ஒரு விசித்திரமான விதியைக் கற்றுக்கொண்டது: ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் ஆபத்து குறைவு! எந்த நர்ஸும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பதிவேட்டில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. காரணம் என்னவென்றால், ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் டாக்டர்கள் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கவனிப்பினால் அவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தார்கள் என்பது பதிவேட்டில் ஏறியது. யாரோ ஒரு நர்ஸ் இராமுழுதும் ஓடிய ஓட்டம் ஏறவில்லை. அந்த விதியின்படி நடந்திருந்தால் ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் தன் விதிகளை வாசிக்கக்கூடிய வாக்கியங்களாக எழுதிக் காட்டியதால்தான் இது பிடிபட்டது. அதைக்காட்டிலும் துல்லியமாகக் கணித்த வேறொன்று தன் விதிகளைக் காட்டாது என்பதால், அதை நோயாளிகளிடம் பயன்படுத்தாமல் விட்டார்கள்.

மனிதரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் எப்போதும் நன்மை என்று நினைப்பது நமக்கு இயல்பு. ஒருவரைப்பார்க்கிலும் இருவர் நலம் அல்லவா? இப்படிச் சேர்ந்து வேலை செய்ததைப்பற்றிய 106 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2024ஆம் ஆண்டில் வெளியானது. சராசரியாகப் பார்த்தால், இருவரில் எவர் தனியாகச் சிறப்பாகச் செய்வாரோ அவரைவிடக் கூட்டணி சற்றுப் பின்தங்கியே இருந்தது. முக்கியமாக, "இது அதுவா, இல்லையா" என்று முடிவெடுக்கும் வேலைகளில் இப்படி நேர்ந்தது. எப்போது கம்ப்யூட்டரை நம்புவது, எப்போது நம்பாமல் விடுவது என்று மனிதருக்குத் தெரியாததே இதற்குப் பெரிய காரணம் என்று நாங்கள் எண்ணுகிறோம். அன்று முகாமில் நடந்ததும் அதுதானே.

ஆனால் சேர்த்துவைக்கும் விதம் நன்றாயிருந்தால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சுவீடன் தேசத்தில் 80,033 பெண்களின் மார்பகப் படங்களைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முதல் முடிவுகள் 2023இல் வெளியாயின. அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்ப்பது வழக்கம். பாதிப் பெண்களுக்கு அந்த வழக்கத்தை மாற்றி, முதலில் கம்ப்யூட்டர் படங்களைத் தரம் பிரித்தது. ஆபத்து குறைவு என்றவற்றை ஒரு டாக்டரும், ஆபத்து அதிகம் என்றவற்றை இரண்டு டாக்டர்களும் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மாத்திரம் பார்த்துவிட்ட படம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதோ குறையவில்லை: பழைய முறையில் ஆயிரம் பேருக்கு 5.1, புதிய முறையில் 6.1. மிச்சமான நேரத்தை டாக்டர்கள் சந்தேகமான படங்களுக்குக் கொடுக்க முடிந்தது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். சர்க்கரை வியாதியால் கண்ணின் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற மனிதர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ அது செய்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்கு அத்தகைய கருவி போனபோது நடந்தது வேறு. அறையை இருட்டாக்க முடியவில்லை. இன்டர்நெட் நத்தைபோல் நகர்ந்தது. 1,838 படங்களில் 21 சதவீதம் தெளிவில்லை என்று கம்ப்யூட்டர் ஏற்க மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டவர்கள் வேறொரு நாள் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லவேண்டிய பாரம் நர்ஸுகள்மேல் விழுந்தது. கூலியை விட்டுவிட்டு வந்த ஏழையிடம் அதைச் சொல்லிப்பார்த்தவர்களுக்கு அந்த நர்ஸுகளின் வேதனை புரியும்.

இப்போது என்ன செய்கிறோம்

முதலாவது, வேலையின் வரிசையை மாற்றினோம். சிஸ்டர் முதலில் நோயாளியோடு உட்கார்ந்து இருமல், காய்ச்சல், எடை குறைவு, இராவியர்வை எல்லாம் கேட்டு, "சளி எடுக்கவேண்டுமா" என்ற கட்டத்தில் தன் முடிவை மையால் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அதன்பிறகே எக்ஸ்ரே. கம்ப்யூட்டரின் எண் இருக்கும் திரை அவர்கள் மேஜையிலிருந்து அகற்றப்பட்டு மறுபக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டர் "வேண்டும்" என்று எழுதியதைக் கம்ப்யூட்டரால் அழிக்க முடியாது. சிஸ்டர் "வேண்டாம்" என்றிருந்தாலும் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டால் சளி வாங்கப்படும். ஆக, ஒருவரை வீட்டுக்கு அனுப்ப இருவருடைய சம்மதமும் வேண்டும். நிறுத்திவைக்க ஒருவர் போதும்.

பச்சை, சிவப்பு நிறங்களையும் எடுத்துவிடச் சொன்னோம். பச்சையைக் கண்டால் யாருக்கும் மனம் ஆறிவிடுகிறது. இப்போது வெறும் எண் மாத்திரமே வருகிறது. சளி டப்பாக்கள் வேனுக்குள் இல்லை, வாசலிலேயே இருக்கின்றன. இதைக் கேட்டால் சிரிப்பாயிருக்கும். ஆனால் அன்றைய தவறில் அந்த டப்பாவுக்கும் பங்குண்டு.

மாதந்தோறும் கம்ப்யூட்டர் "சந்தேகமில்லை" என்ற படங்களில் ஒரு கட்டை எடுத்து, எண்ணை மறைத்துவிட்டு, டாக்டர்கள் தாங்களே பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் எங்கே தவறுகிறது என்று அறிவதற்கும், நம் கண்கள் மழுங்கிப்போகாமல் இருப்பதற்கும் இது உதவுகிறது. சிறு பிள்ளைகளின் படத்தை அதற்குக் கொடுப்பதேயில்லை. அது அவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி வாலிப சகோதரருக்குப் பதில். 2016ஆம் ஆண்டில், இத்துறையின் தகப்பன்மாரில் ஒருவரும் பின்பு 2024இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜெப்ரி ஹிண்டன், ஐந்து வருஷத்தில் கம்ப்யூட்டர் மிஞ்சிவிடும், ஆகவே ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்ற கருத்தைச் சொன்னார். அவர் சொன்னபடி அவர்கள் மிஞ்சிப்போயிருந்தால் நமக்கு ஒருவராவது கிடைத்திருக்கவேண்டும், இன்றுவரை கிடைக்கவில்லை! இப்போது "ஏஜெண்ட்" என்ற புதுவகைக் கம்ப்யூட்டர் உதவியாளர்கள் வந்திருக்கின்றன. இவை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், ஒப்புவித்த வேலையைப் படிப்படியாகத் தாமே செய்யக்கூடியவை. மருந்து வாங்க வராதவர்களின் பட்டியலைத் தயாரிப்பது, நினைவூட்டும் செய்தியை அனுப்புவது, டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் நகலை எழுதுவது போன்ற எழுத்து வேலைகளுக்கு இவற்றைப் பயன்படுத்த யோசிக்கிறோம். சிஸ்டர்மார் பேனாவோடு செலவிடும் மணிநேரம் குறைந்தால் நோயாளியோடு செலவிடும் நேரம் கூடும். ஆனால் யாருக்கு மருந்தை நிறுத்துவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பவற்றை அவற்றிடம் ஒப்புவிக்கமாட்டோம். நோயாளியின் பெயரும் வியாதியும் வெளியே போகாது என்ற நிச்சயம் கிடைக்கும்வரை எதையும் தொடங்கப்போவதுமில்லை. காசநோய் என்று தெரிந்தால் கலியாணம் நின்றுபோகிற ஊர்கள் இன்னும் நம் பகுதியில் உண்டு.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினார் என்பதை நாங்கள் மறக்கவில்லை. நம் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எண்ணிப்பாருங்கள். புதிதாக நோய் கண்டவர்களில் யார் உயிராபத்தில் இருக்கிறார்கள் என்று அறிய அங்கே பெரிய கருவிகள் எதுவுமில்லை. எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், ஆள் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்ற சோதனை. இவ்வளவுதான். அருகில் நின்று கைகொடுத்து எழுப்பிப் பார்க்கிற ஒருவருக்கே அது தெரியும். கம்ப்யூட்டர் நோயாளியைச் சீக்கிரம் நம்மிடம் கொண்டுவருகிறது. வந்தவரை எழுப்பி நிறுத்த நம் ஊழியர்கள் வேண்டும்.

முதலில் கேட்ட தாயாருக்கு: உங்கள் காணிக்கையில் கம்ப்யூட்டருக்குப் போவது சிறுபகுதியே. அது காட்டும் சந்தேகங்களுக்காகச் செய்யும் சளிப் பரிசோதனைகளுக்கும், வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்கிற ஊழியர்களின் சம்பளத்திற்கும் வேன் டீசலுக்கும்தான் பெரும்பகுதி போகிறது. கம்ப்யூட்டர் வந்ததனால் ஒரு நர்ஸையும் நாங்கள் நிறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னால், சந்தேகங்கள் பெருகியதால் இன்னும் இருவர் தேவைப்படுகிறார்கள்.

அந்தச் சூளைத் தொழிலாளி ஆறு மாத சிகிச்சையில் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறார். எடை கூடியிருக்கிறது. அரசு கொடுக்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது, அவருக்கு உதவியாயிருக்கிறது. மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அதே சிஸ்டர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாதத்தில் இரண்டு முறை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருகிறார்கள்.

ஜெபக் குறிப்புகள்: அவர் கடைசி மாத மருந்தையும் தவறாமல் முடிக்கவும், பேத்தி நோயின்றிக் காக்கப்படவும் ஜெபியுங்கள். வரும் மாதம் மலையடிவாரத்தில் நான்கு கிராமங்களுக்கு முகாம் போகிறது. சாலை மோசம், வேனுக்காக ஜெபியுங்கள். அதே சூளையில் வேலை செய்கிற மற்றவர்களைச் சோதிக்க முதலாளி இன்னும் அனுமதி தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மாத்திரம் வரலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. நாங்கள் போகிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்